மூன்றாவது தூண்

ஜெர்மனியின் பிராண்டன்பர்க் காட்டுக்குள் இருக்கும் ஏரியில் நண்பகல் வெயில் எல்லார் முதுகிலும் ஒரே மாதிரி விழுகிறது. எங்கள் சங்கத்தில் யாரும் ஆடை உடுத்துவதில்லை. துணியோடு பட்டமும் பதவியும் வாசலிலேயே நின்றுவிட வேண்டும். இங்கே எல்லாரும் எல்லாருக்கும் ‘நீ’தான். நாளை பிள்ளைகளின் நீச்சல் விழா. ஏரிக்குள் நீளும் மரப்பாலத்தின் மூன்றாவது தூணைச் சுற்றி ஐந்து ஆண்களும் ஹென்ரிக்கேயும் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்கள். லோதர் தூணைத் தட்டுகிறான். “கல்லு மாதிரி இருக்குப்பா!” ஹென்ரிக்கே குனிந்து தண்ணீருக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரால் குத்துகிறாள். அது பிடிவரைக்கும் உள்ளே போகிறது. “உள்ள உளுத்துப்போச்சு லோதர். நாளைக்கு இருபது பிள்ளைங்க ஏறினா சரிஞ்சிடும்.” “நீ எதுக்கெடுத்தாலும் பயப்படுவே. போ, காபி ஆச்சான்னு பாரு.” சிரிப்பு தண்ணீரின் மேல் பரவுகிறது.

பாலங்களைச் சோதிப்பதுதான் அவள் தொழில். அதைச் சொல்ல வாயெடுத்தவள், விதி நினைவுக்கு வந்து அடக்கிக்கொள்கிறாள். கரையேறி, பைன் ஊசிகள் காலில் ஒட்ட, கார்கள் நிற்கும் பக்கம் நடக்கிறாள். திரும்பி வரும்போது தலையில் அலுவலக முத்திரை போட்ட மஞ்சள் ஹெல்மெட். உடம்பில் வேறொன்றும் இல்லை. “உள்ள உளுத்துப்போச்சு” என்கிறாள், முன்பு சொன்ன அதே குரலில். நான்கு பேர் தூணைவிட்டு ஓரடி விலகுகிறார்கள். லோதர் அசையவில்லை. அவன் கண் ஹெல்மெட்டிலேயே நிற்கிறது. “அதக் கழட்டு ஹென்ரிக்கே. இங்க எல்லாரும் சமம்.”