ஜன்னலில் வைத்த பெட்டி

"இதுதான் கடைசி வீடு, சொல்லிட்டேன். இதுவும் சரிப்படலைன்னா கோவில்பட்டியிலேயே கெடப்போம். திங்கக்கிழமை லைசென்ஸ் பேப்பர்ல கையெழுத்தப் போட்டுட்டு, பழையபடி கம்பெனியைத் தொறக்க வேண்டியதுதான்" என்றார் தங்கப்பாண்டியன், காரை எடுத்துக்கொண்டே.

பக்கத்து சீட்டில் இருந்தாள் அவர் மனைவி சுதாராணி. மடியில் கிடந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முப்பது வருஷமாகத் தீப்பெட்டிக் கம்பெனி நடத்துகிற மனுஷன். போன சித்திரையில் குச்சிக்கு மருந்து முக்குகிற ரூமில் தீப்பிடித்தது. ஆளுக்குச் சேதமில்லை, அவர் புருவம் மட்டும் பொசுங்கியது. கம்பெனி அன்றோடு பூட்டிக் கிடக்கிறது. அன்றிலிருந்து ரோட்டில் லாரி டயர் வெடித்தாலும் சுதாராணி வாசலுக்கு ஓடிவிடுவாள். 'போதும்ட்டி, இதை மூடிட்டு எங்கயாவது கடக்கரையில போயி நிம்மதியா இருப்போம்' என்று அவரே ஒருநாள் சொன்னபோது, பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் போட்டாள். காலையில் மணலில் நடக்கலாம், பச்சை மீன் வாங்கிக் குழம்பு வைக்கலாம், சாயங்காலம் அலையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஆனால் இவருக்கு எந்த ஊர்தான் பிடிக்கிறது?

"வேம்பாரு வீட்டுக்கு என்ன கொறைச்சலு?"

"தண்ணி உப்பு."

"நம்ம ஊருத் தண்ணி மட்டும் இனிக்காக்கும். சரி, மணப்பாடு?"

"காத்து ஜாஸ்தி."

"கடக்கரையில காத்து அடிக்காம வேற என்ன அடிக்கும்?"

அவர் எட்டயபுரம் தாண்டி, வெடித்துக் கிடந்த கரிசலைப் பார்த்தபடியே ஓட்டினார்.

உப்பும் காற்றும் இருக்கட்டும். அவளை வாட்டியது தீப்பெட்டிதான். எந்த வீட்டைப் பார்த்தாலும், தன் கம்பெனிப் பெட்டி ஒன்றைக் கடல் பக்கத்து ஜன்னலில் திறந்து வைக்கச் சொல்வார். ஏழு நாள் அது அங்கேயே கிடக்க வேண்டும். எட்டாம் நாள் போய் ஒரு குச்சியை உரசிப் பார்ப்பார். அடைமழைக் காலத்தில் சரக்கை அடுக்குமுன் குடோனில் இப்படித்தான் சோதிப்பார். கேட்டால், "அந்த ஊரு காத்தைக் குச்சி சொல்லிரும்" என்பதோடு சரி.

வேம்பாரில் அவருக்கு முந்திப் போய் அவளே ஒரு குச்சியை உரசிப் பார்த்தாள். மருந்து மாவாய் உதிர்ந்தது. குச்சி பற்றாத வீட்டில் ஒரு தீப்பெட்டிக்காரர் குடிவருவாரா? அவசரமாக நமத்த பெட்டியை எடுத்துவிட்டு, கைப்பையில் கிடந்த காய்ந்த பெட்டியை அங்கே வைத்தாள். மணப்பாட்டிலும் அதையே செய்தாள். இரண்டு இடத்திலும் குச்சி ஜோராகப் பற்றியது. பற்றியும் என்ன பிரயோஜனம், வீடு அமையவில்லையே.

வீரபாண்டியன்பட்டினத்தில் புரோக்கர் முகம்மது ரபீக் சாவியோடு நின்றார். "வாங்க அண்ணாச்சி. நீங்க சொன்ன மாதிரியே பெட்டி ஜன்னல்ல இருக்கு. ஒருத்தரும் தொடல."

"நீங்க மோட்டாரைப் பாருங்க, நான் அடுப்படியைப் பாக்குதேன்" என்று சொல்லிவிட்டு சுதாராணி உள்ளே விரைந்தாள். ஜன்னலில் இருந்த பெட்டி கையில் எடுத்ததுமே தொளதொளத்தது. பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொண்டுவந்த புதுப்பெட்டியை அங்கே வைத்துவிட்டு, பழையதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். இந்த வயதில் கட்டின புருஷனையே ஏமாற்ற வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாக இருந்தது.

தண்ணீரைக் குடித்துப் பார்த்தார் தங்கப்பாண்டியன். இனித்தது. காற்றும் அளவாக வந்தது. இனி என்ன குற்றம் சொல்லுவார் என்று அவள் ஓரமாய் நின்று முருகனை வேண்டினாள்.

அவர் ஜன்னலருகே போனார். பெட்டியை எடுத்தார். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு ஒரு குச்சியை உரசினார்.

சர்ரென்று பற்றியது.

அவர் சட்டென்று ஊதி அணைத்தார். "வேண்டாம் ரபீக்கு. காலம்பற வெயிலு உள்ள அடிக்கும்."

"கெழக்க பாத்த வீடுன்னாதான் பாக்க வருவேன்னு நீங்கதான சொன்னீங்க அண்ணாச்சி?"

தங்கப்பாண்டியன் வெளியே போய் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். சுதாராணி பின்னாலேயே போனாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"உள்ளதைச் சொல்லுங்க. எனக்கு அந்தக் கம்பெனி வேண்டாங்க. நீங்க அங்கன போனீங்கன்னா, திரும்பி வாரது வரைக்கும் எனக்கு உசுரு கையில இல்ல. தண்ணி நல்லாருக்கு, காத்து நல்லாருக்கு, குச்சியும் ஒரே உரசல்ல பத்திருச்சு. பெறவு என்ன?"

"அதான் பத்திருச்சே சுதா." அவர் அணைந்த குச்சியைத் தூர வீசினார். "தீப்பெட்டி மொதலாளி தீயக் கண்டு பயப்படுதான்னு யாருகிட்டச் சொல்ல? அன்னையில இருந்து குச்சி உரசுத சத்தம் கேட்டாலே எனக்குக் கை நடுங்குது. எத்தனை உரசினாலும் குச்சி பத்தாத வீடு ஒண்ணு கடக்கரையில இருக்காதான்னுதான் தேடுதேன். ஏழு நாள் ஈரக்காத்துல கெடந்தும், மூணு ஊருலயும் பத்திக்கிடுதே."

சுதாராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைப்பையைத் திறந்து, தொளதொளத்துப் போன அந்தப் பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்து, "இந்த வீட்டு ஜன்னல்ல ஏழு நாளும் கெடந்தது இதுதாங்க, உரசிப் பாருங்க" என்றாள்.