முட்டைக்கு மூன்று குஞ்சு

"அசையாதீங்க! கோட்டுக்குள்ள என்ன?"

பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் ஆர்வினின் டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்ததும் மார்லிஸ் கோட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விடிந்தும் விடியாத வேளை. பதினேழு வருஷமாக வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குள் பின்வாசல் வழியாகத் திருடிபோல் நுழைவது இதுதான் முதல் தடவை.

"ஆர்வின், நான்தான். ரெண்டாம் கிளாஸ் மார்லிஸ்."

"டீச்சரா! உள்ள என்னத்த மறைக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லியே."

அந்த ஒண்ணுமில்லாதது 'கீச்' என்றது.

மார்லிஸ் பனிமேலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று வாரத்துக்கு முன் பன்னிரண்டு முட்டைகளை வகுப்பிலிருந்த பொரிக்கும் பெட்டியில் வைத்திருந்தாள். பிள்ளைகள் பதினெட்டுப் பேரும் தினமும் சூடு பார்த்து நோட்டில் எழுதினார்கள். பிறக்காத குஞ்சுகளுக்குப் பேர்கூட வைத்துவிட்டார்கள். பத்தாம் நாள் திரையை இழுத்துவிட்டு, முட்டைக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துக் காட்டினாள். வெளிச்சம் உள்ளே புகவே இல்லை. "குஞ்சு நல்லா வளர்ந்து இடத்தையே அடைச்சுக்கிச்சு, அதான்" என்று அவள் சொன்னதும் வகுப்பே கைதட்டியது.

சனிக்கிழமை பனிப்புயல். ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. ஞாயிறு மதியம் வந்து பார்த்தால் பெட்டி ஐஸாகக் கிடந்தது.

போன வருஷம் வகுப்பில் வளர்த்த தலைப்பிரட்டைகள் ஒரே நாளில் செத்து மிதந்தன. இரண்டு பிள்ளைகள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. இன்னொரு தடவை எதுவும் செத்தால் இந்தச் செய்முறைப் பாடத்துக்கே முழுக்கு என்று தலைமை ஆசிரியை லாவோன் கறாராகச் சொல்லியிருந்தாள்.

"அதான் பக்கத்து ஊர் தீவனக் கடையில பன்னெண்டு குஞ்சு வாங்கிட்டு வந்தேன். யார்கிட்டயும் சொல்லிராத ஆர்வின்."

ஆர்வின் அவளை எழுப்பி உள்ளே கூட்டிப்போனான். பெருக்குமாறு வைக்கும் அறைக் கதவைத் திறந்தான். வாளிகளுக்கு நடுவே ஓர் அட்டைப் பெட்டி. அதிலும் பன்னிரண்டு குஞ்சுகள்.

"கரண்ட் போனப்பவே எனக்குத் தெரியும் டீச்சர். புள்ளைங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது? நானும் அதே கடைக்குத்தான் போனேன்."

அதற்குள் வாசலில் கார் வெளிச்சம். "ஐயையோ, மேடம்!" என்று அவளையும் இழுத்துக்கொண்டு அந்த அறைக்குள் பதுங்கினான்.

லாவோன் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு பூனைபோல் நடந்து வந்தாள். இன்னொரு கையில் தொப்பி வைக்கும் வட்டப் பெட்டி. அது கீச்சிட்டது. அறைக்குள்ளிருந்து இருபத்துநான்கு தொண்டைகள் பதில் சொல்லின.

"யாரது?"

"நாங்கதான் மேடம்."

வகுப்பு மேஜைமேல் ஆளுக்குப் பன்னிரண்டாக முப்பத்தாறு குஞ்சுகளையும் இறக்கிவைத்துவிட்டு மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு முட்டைக்கு மூணுன்னு சொல்லிட்டா என்ன?" என்றான் ஆர்வின்.

"புள்ளைங்களுக்கு எண்ணத் தெரியும். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்றாள் மார்லிஸ்.

இருபத்துநான்கு குஞ்சுகள் லாவோனின் அறைக்குப் போயின. பழைய முட்டைகளை உடைத்துப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. அப்படியே பையில் சுற்றி ஆர்வின் வெளியே கொண்டுபோய்ப் போட்டான். சமையல்கட்டிலிருந்து வெறும் ஓடுகளைப் பொறுக்கி வந்து பெட்டிக்குள் தூவினான்.

"தத்ரூபமா இருக்கு" என்றாள் லாவோன், இந்தத் தொழிலிலேயே பழம் தின்று கொட்டை போட்டவள்போல.

எட்டு மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்கள் போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒருவன் குஞ்சுக்கு முத்தம் கொடுத்தான், இன்னொருத்தி சந்தோஷம் தாங்காமல் தரையில் படுத்துவிட்டாள்.

லாவோன் கதவோரம் நின்று கண்ணைத் துடைத்தாள். "அடுத்த வருஷம் எல்லா வகுப்புக்கும் இது வேணும் மார்லிஸ். இந்த மாதிரி நேர்ல பாத்துதான் புள்ளைங்க உண்மையக் கத்துக்கணும்." அவளுடைய அறையிலிருந்து கீச் கீச் என்று கேட்டது. ஆர்வின் வராண்டாவில் நின்று பலமாக இருமினான்.

சோல்வே என்ற சிறுமி மட்டும் சுவரோடு ஒட்டி நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

மார்லிஸ் அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். "என்னடா கண்ணு, பயமா? கொத்தாது, வா."

"அது இல்ல மிஸ்." குழந்தை அவளுடைய காதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "முட்டை வச்ச அன்னைக்குச் சாயங்காலமே நான் தட்டைக் கீழ போட்டுட்டேன். பன்னெண்டும் உடைஞ்சுபோச்சு. நீங்க அழுவீங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. ஈஸ்டருக்குச் சாயம் பூச அம்மா வச்சிருந்த முட்டைய எடுத்துட்டு வந்து மறுநாள் காலைல வச்சுட்டேன்."

மூன்று வாரமாக இந்தப் பாரத்தையா சுமந்தாய் என்று மார்லிஸுக்கு நெஞ்சு உருகிப்போனது. அவளை அள்ளி அணைத்துக்கொண்டாள்.

"அட, இதுக்கா இந்த முழி முழிக்கிற? எந்த முட்டையா இருந்தா என்ன? நீ நல்லாப் பாத்துக்கிட்ட, அதான் பன்னெண்டும் பொரிச்சிருச்சு. உன் கண்ணாலயே பாக்குறல்ல?"

சோல்வே அவளுடைய தோளுக்கு மேலாகக் குஞ்சுகளையே வெறித்துப் பார்த்தாள்.

"மிஸ்... அது அத்தனையும் அவிச்ச முட்டை."