சாவி மேடம் கையில்

"என் லாட்ஜுல எங்க அக்காவுக்கே பில்லா?"

அர்ஜுனன் போட்ட கூச்சலில், செங்கம் சாலையில் டீ குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். தெருக்காரர்களான நாங்கள் அதற்கு முன்பே திரும்பியாயிற்று.

"உங்க லாட்ஜுதான். கடன் தீர்ற வரைக்கும் என் பொறுப்பு," என்றார் தேவிப்ரியா, ரசீதிலிருந்து தலை தூக்காமல். "பௌர்ணமி ரேட்டு ரெண்டாயிரம். காலையில நீங்க குடிச்ச ரெண்டு காபி தனி."

அர்ஜுனன் ஊரெல்லாம் கடன் வாங்கி மாடிமேல் மாடி கட்டியவர். கடன் கொடுத்த பதினாலு பேரும் கூடிப் பேசி, பத்திரம் எழுதி, லாட்ஜை தேவிப்ரியாவிடம் ஒப்படைத்திருந்தார்கள். வரும்படியை அவரவர் கடனுக்கேற்பப் பிரித்துத் தர வேண்டும். இந்தப் பௌர்ணமி வசூலிலும் தீராவிட்டால் லாட்ஜ் ஏலத்துக்குப் போய்விடும்.

அந்த நேரம் பார்த்து சிமென்ட் கடை சக்கரபாணி வந்தார். பதினாலு பேரில் பெரிய தொண்டை அவருக்குத்தான். அன்றைக்கு ரகசியம் பேசினார்.

"மேடம், மத்தவங்களுக்குத் தெரிய வேணாம். என்னுத மட்டும் முதல்ல செட்டில் பண்ணிடுங்க. உங்களையும் கவனிச்சுக்கிறேன்."

"பூ விக்கிற ராணியம்மாளுக்கு என்ன கணக்கோ, அதான் உங்களுக்கும். ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல."

"பாத்தீங்களா சார்? ஈவு இரக்கமே கிடையாது!" அர்ஜுனன் கடன் கொடுத்தவரோடு கூட்டுச் சேர்ந்தார்.

"அதுக்குத்தானே இவங்களைப் போட்டோம்," என்று முனகினார் சக்கரபாணி.

பக்கத்தில் நின்ற அர்ஜுனனின் அக்கா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஜிபேயில் பணம் அனுப்பினார்.

கிரிவலக் கூட்டத்தில் அறைகள் நிரம்பி, மொட்டை மாடியில் பாய்கூட வாடகைக்குப் போனது. மறுநாள் பதினாலு பேரும் மீதியை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். ராணியம்மாள் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஏலத்தில் அடிமாட்டு விலைக்கு அடிக்கக் காத்திருந்த சென்னைப் பார்ட்டி, காரைத் திருப்பிக்கொண்டு போனது.

தேவிப்ரியா சாவிக்கொத்தை நீட்டினார். அத்தனை நாள் கத்திய அர்ஜுனன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"மேடம்..."

"மேடம் எல்லாம் இத்தோட சரி. என் வேலை முடிஞ்சுது."

அர்ஜுனனிடம் ஏமாறாத ஒரே ஆள் என்று பதினாலு பேரும் ஒரே குரலில் தேர்ந்தெடுத்தது வீண்போகவில்லை. கடன் தொல்லை பொறுக்காமல் இரண்டு வருஷத்துக்கு முன் கோபித்துக்கொண்டு போய், வேங்கிக்காலில் தனியாக வாடகைக்கு இருந்த தேவிப்ரியா, அன்று சாயங்காலமே அந்த வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன் புருஷன் அர்ஜுனனோடு குடித்தனம் நடத்த வந்துவிட்டார்.