வழக்கொழிந்த சொல்

"'டோர்பில்'னு ஜனங்க பேச்சுல சொல்றாங்களே, அது எங்கேருந்து வந்துச்சு?"

துருக்கியின் தலைநகர் அங்காராவில் ஓர் அகராதி அலுவலகம். கேட்டவர் பேராசிரியர் ருக்னெத்தின். தன் குரலைத் தானே ரசித்துக் கேட்பவர். எதிரே பெர்ரின். இரண்டு வருடமாக வேலை தேடுகிறாள். இது பதினோராவது நேர்காணல்.

"பிரெஞ்சுல அது ஒரு மீனோட பேர் ஐயா. தொட்டா ஷாக் அடிச்சு மரத்துப்போயிடும். அந்தப் பேரைக் கடலுக்கடியில பாயுற குண்டுக்கு வச்சாங்க. நம்ம ஆளுங்க அதையே சிபாரிசுக்கு வச்சுக்கிட்டாங்க."

"குண்டுக்கும் சிபாரிசுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ரெண்டும் அடியிலதான் வரும். யார் விட்டதுன்னு தெரியாது. குறி மட்டும் தப்பாது."

"சுமாரான பதில். அகராதியில இதை 'வழக்கொழிந்த சொல்'னு போடப்போறேன். இந்த அலுவலகத்துல தகுதிதான் பேசும்!" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு... மேலே யாரையாவது தெரியுமா?"

"இல்லைங்க ஐயா."

"அப்பா?"

"சிவாஸ் ஊர்ல பஸ் ஓட்டுறாரு."

"சரி, கடிதம் போடுறோம்." ஃபைலை மூடினார்.

அந்தக் கடிதம் வராது என்று பெர்ரினுக்குத் தெரியும். ஏற்கெனவே பத்து வரவில்லை.

மேஜைமேல் போன் அடித்தது. எடுத்தவர் விருட்டென்று எழுந்து, கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார்.

"சொல்லுங்க ஐயா... இங்கேதான் இருக்காங்க... உத்தரவு ஐயா!"

மீனைத் தொட்டவர் போலவே நின்றார்.

"முன்னாடியே சொல்லக்கூடாதா மகளே! திங்கக்கிழமையே வந்து சேர்ந்துடுங்க. சத்தில்மிஷ், நம்ம மகளுக்கு ஒரு டீ!" என்று கதவைத் திறந்து கீழே குரல் கொடுத்தார்.

"ஐயா, போன்ல யாரு?"

"போதும், விளையாடாதீங்க," என்று கண்ணடித்தார்.

குழம்பிப்போய் வெளியே வந்தாள். டீக்காரர் சத்தில்மிஷ் கீழ்த்தளத்திலிருந்து தட்டோடு ஏறி வந்தார். வாங்கிக்கொண்டு, காலையில் காத்திருந்தபோது டீ வாங்கிச் சொன்னதுபோலவே, "உங்க கைக்குச் சுகம் உண்டாகட்டும் பெரியவரே," என்று நன்றி சொன்னாள்.

"காலையிலேருந்து பதினாலு பேருக்கு டீ குடுத்தேன். அதைச் சொன்னது நீ ஒருத்திதான் மகளே."

"எனக்காக யாரோ பெரிய இடத்துலேருந்து பேசியிருக்காங்க. யாருன்னுதான் தெரியலை."

"பெரிய இடமா? கீழே டீ ரூம்ல ஒரு போன் இருக்கு," என்றார் சத்தில்மிஷ். "தொண்டையைச் செருமிட்டு, 'நம்ம பொண்ணு அங்கே இருக்கு'ன்னு மட்டும் சொன்னேன், மிச்சத்தையெல்லாம் அவரே பேசிக்கிட்டாரு."