சிவப்பு ஸ்டிக்கர்

மருமகள் தூபா முதல் வாய் எடுத்து வைத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. கூடவே நான் செய்த கத்தரிக்காய். என் மகன் ஷோயப், வீட்டுக்காரர் வக்கார் அகமது, ஆம்பூரில் எங்கள் தெரு ஜனம், யாரும் இன்றுவரை அதைக் குறை சொன்னதில்லை.

தூபாவும் சொல்லமாட்டாள். அதுதான் என் கவலையே.

அவளுக்குக் காது கேட்காது. கையால்தான் பேசுவாள். ஷோயப்போடு பேசும்போது அந்தக் கைகளைப் பார்க்க வேண்டும், கோபமும் கிண்டலும் பறக்கும். என் பக்கம் திரும்பினால் மட்டும் ஒரு புன்னகை, ஒரு தலையாட்டல். விருந்துக்கு வந்தவள் மாதிரி. நிக்காஹ் ஆன நாளிலிருந்து இதே கதை.

வீட்டுக்கு வந்த பெண் மாமியாரிடம் ஒரு தடவையாவது முகம் சுளிக்க வேண்டாமா? எனக்கு மனசு ஆறவே இல்லை.

சரி, நாமே கற்றுக்கொள்வோம் என்று இறங்கிவிட்டேன். ஷூ கம்பெனியில் என் பக்கத்து மிஷினில் தைக்கும் தனகோடிக்கும் காது கேட்காது. சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் பாடம். ஐம்பதைத் தாண்டிய விரல் லேசில் மடங்குமா? தனகோடி என் விரலைப் பிடித்து மடக்கிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள்.

முதல் நாள் தூபா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று பெருமையாகக் கையாட்டினேன். அவள் திருதிருவென்று விழித்தாள். அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கும் ஷோயப் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அம்மி, இது கம்பெனி பாஷை. டீ பாஸ் ஆயிடுச்சு, பெட்டியில போடலாம்னு சொல்றே."

ஒரே பேஜாராகிவிட்டது. தனகோடி தனக்குத் தெரிந்ததைத்தானே சொல்லித்தருவாள்? அதற்காக நான் விடவில்லை. ரொட்டி பாஸ், ரசம் பாஸ். ஷோயப் கசக்கிப் போட்ட சட்டை ரிஜெக்ட். கம்பெனியில் பழுதான ஷூவில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதனால் இடது உள்ளங்கையிலிருந்து ஒன்றை உரிப்பது மாதிரி செய்து, சட்டைமேல் ஒட்டிக் காட்டினேன்.

தூபா அதற்கும் புன்னகைத்தாள். அவ்வளவுதான்.

இப்போது கத்தரிக்காயை மென்று முழுங்கினாள். பாஸா என்று கையால் கேட்டேன்.

வழக்கமான புன்னகை வந்தது. பாதியில் நின்றது.

ஷோயப்பைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். இடது உள்ளங்கையை விரித்தாள். நகத்தால் உரித்தாள். என் கத்தரிக்காய்ச் சட்டியின் விளிம்பில் பட்டென்று ஒட்டினாள்.

அதோடு விட்டாளா? புளியைக் கரைத்துக் கரைத்து ஊற்றிக் காட்டி, கண்ணைச் சுருக்கி, நாக்கை நீட்டி, இரண்டு கையாலும் என்னைத் திட்டித் தீர்த்தாள். பாதி புரியவில்லை. ஆனால் அத்தனையும் எனக்கே எனக்கு.

அல்ஹம்துலில்லாஹ், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே துப்பட்டாவால் துடைத்தேன்.

துடைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே என் வீட்டுக்காரர். கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்தக் கத்தரிக்காயை ஒரு வார்த்தை பேசாமல் தின்று முடிப்பவர். கை பாஷை சுத்தமாகத் தெரியாத மனுஷன்.

தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். என்னைப் பார்த்துக்கொண்டே இடது உள்ளங்கையை விரித்து, நகத்தால் உரிக்க ஆரம்பித்தார்.