அனுப்பிவிடாதீர்கள்

கயிற்று முடிச்சு வகுப்பில் ஆசிரியை ரெஜினா எல்லோரையும் கண்களை மூடி, முடிச்சுக்கு ஒரு மூச்சாக விட்டபடி கட்டச் சொன்னாள். வெகுநாளைக்குப் பிறகு வசுமதியின் மனம் அடங்கியது. கண்ணைத் திறந்தபோது மற்றவர்களின் கயிறுகள் பூந்தொட்டி மாட்டும் உறிகளாகியிருந்தன. அவளோ தன் இடது மணிக்கட்டைக் கயிறு தொங்கிய கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தாள். பெண்கள் சிரித்தார்கள். ரெஜினாவும் சிரித்தபடியே கத்தரிக்கோலோடு வந்தாள்.

“வெட்டாதீங்க மேடம்.” வசுமதி வலது கையால் முடிச்சை மூடிக்கொண்டாள். “கீழ ஹாரன் கேக்குது பாருங்க. அவர் வந்துட்டாரு.”

“வீட்டுக்காரரா?”

“ஆமா. இன்னிக்கு என்னை அவர்கூட அனுப்பிடாதீங்க.”

சிரிப்பு நின்றது. ரெஜினா போய்க் கதவைத் தாழிட்டாள். செருப்புச் சத்தம் நிதானமாகப் படியேறி வந்து, கதவுக்கு வெளியே நின்றது.