அடுத்த மூத்தவர்

பெரியவரின் பாதத்தை மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார் அவர். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. மருந்து கொடுக்க வந்த நர்ஸ் அந்தக் காட்சியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"உங்க அப்பாவா சார்?"

"அப்பாவுக்கும் மேலம்மா."

குரல் சரியான இடத்தில் தழுதழுத்தது. மேடையில் பழகிய குரல்.

நர்ஸ் உருகிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். காலடிச் சத்தம் தேய்ந்ததும் அவர் பாதத்தைக் கட்டிலில் போட்டுவிட்டு, கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார்.

நாடாளுமன்றத்தில் அவருக்கு 'முன்வரிசை' என்று பெயர். எந்தப் போட்டோவிலும் யார் தோளையாவது இடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றுவிடுவார். அவர் ஒரு மசோதாவைப் படித்ததாகவோ, உருப்படியாக ஒரு கேள்வி கேட்டதாகவோ யாரும் சொன்னதில்லை. ஆனால் யாருக்கு அடுத்து யார் மூத்தவர் என்பது மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

கட்டிலில் கிடந்த பெரியவர்தான் அவையிலேயே மூத்த உறுப்பினர். முதல் நாற்காலி, இரண்டு ஜன்னல் வைத்த மூலை அறை, வெளிநாட்டுத் தலைவர் வந்தால் முதல் கைகுலுக்கல், எல்லாம் அவருக்குத்தான். அவர் கண்ணை மூடினால் அத்தனையும் அடுத்த மூத்தவருக்கு.

அந்த அடுத்தவர் யார் என்பதில்தான் சிக்கல். முன்வரிசையும், பல் பிடுங்கிக்கொண்டிருந்துவிட்டு அரசியலுக்கு வந்த பல் டாக்டர் ஒருவரும் ஒரே நாளில் பதவியேற்றவர்கள். அப்படியானால் முதலில் உறுதிமொழி எடுத்தவரே மூத்தவர் என்பது விதி. அன்றைய அவைக் குறிப்பில் அந்த வரிசை இல்லை. அதற்கு உயிரோடிருக்கும் ஒரே சாட்சி, அன்று இருவருக்கும் உறுதிமொழி செய்துவைத்த இந்தப் பெரியவர்.

'அவர் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும்' என்று அவைச் செயலாளர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து முன்வரிசை ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தார். வார்த்தை வருவதற்குள் உயிர் போய்விடக் கூடாது. வார்த்தை வந்தபிறகு போகத் தாமதமும் ஆகக் கூடாது. அவருடைய பிரார்த்தனை அவ்வளவுதான்.

காதருகே குனிந்தார். "ஐயா, அந்த விஷயம்..."

"எந்த விஷயம்?"

"நானா, பல் டாக்டரா? யாரு முதல்ல உறுதிமொழி எடுத்தது?"

பெரியவர் விட்டத்தைப் பார்த்தார். "நெஞ்சுல இருக்கு தம்பி, வாய்க்கு வரமாட்டேங்குது. நாளைக்குச் சொல்றேன்."

இந்த 'நாளைக்கு' வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. முன்வரிசை பல்லைக் கடித்துக்கொண்டு போர்வையைச் சரிசெய்தார். அப்போது போன் அடித்தது. அவருடைய உதவியாளர்.

"ஐயா, கூட்டத்தொடர் நடந்துக்கிட்டிருக்கு. ஒரு நாளாவது வந்து தலையைக் காட்டிட்டுப் போயிடுங்க. பெரியவர்கூட முறையா லீவு கேட்டு வாங்கியிருக்காரு. விதிப்படி பாத்தா..."

"விதியை நீ எனக்குச் சொல்லித் தர்றியா? அங்க வந்து நான் என்னத்தை வெட்டி முறிக்கப் போறேன்? கத்துறவன் கத்துவான், தூங்குறவன் தூங்குவான். வை போனை!"

ஆனாலும் ஒரு எட்டு போய்விட்டு வந்தால் என்ன என்று தோன்றியது. எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். உடனே பெரியவரின் கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது. சாகக் கிடக்கிறவருக்கு இவ்வளவு பிடியா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"போகாதப்பா. இன்னிக்கு ஞாபகம் வந்துடும் போல இருக்கு."

முன்வரிசை பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

அன்று ஞாபகம் வரவில்லை. மறுநாள் மத்தியானம்தான் பெரியவர் வாயைத் திறந்தார். "செயலாளரையும் பல் டாக்டரையும் வரச் சொல்லு. எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு."

முன்வரிசைக்குத் தலைகால் புரியவில்லை. இருவருக்கும் ஆள் அனுப்பிவிட்டு, வராந்தாவுக்கு ஓடி மனைவிக்குப் போன் போட்டார். "அந்த மூலை அறைக்கு என்ன கலர்ல திரை போட்டா எடுப்பா இருக்கும்னு பாத்து வை. ஆமாமா, பெரிசு இன்னும் இருக்கு. அதெல்லாம் ரொம்ப நாள் தாங்காது."

இருவரும் வந்தார்கள். பெரியவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, மூவரையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு முன்வரிசை பக்கம் விரலை நீட்டினார்.

"முதல்ல உறுதிமொழி எடுத்தது இவன்தான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"கேட்டுக்கிட்டீங்களா? எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" முன்வரிசை கட்டிலைச் சுற்றி வந்து பல் டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க டாக்டர். எனக்கு அடுத்து நீங்கதானே!"

பல் டாக்டர் கையை விடுவித்துக்கொண்டார்.

பெரியவர் செயலாளரிடம் திரும்பினார். "காலையில அந்தத் தீர்மானம் என்னாச்சு?"

"நிறைவேறிடுச்சுங்க ஐயா. அனுமதி வாங்காம தொடர்ந்து அவைக்கு வராததால உறுப்பினர் பதவி பறிபோச்சு. எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழல."

முன்வரிசை வயிறு குலுங்கச் சிரித்தார். "உள்ளதையும் தொலைச்சிட்டு நிக்கிறானா? எவன் சார் அந்த முட்டாள்?"

செயலாளர் தரையைப் பார்த்தார். பெரியவர் போர்வையை உதறிவிட்டு யார் உதவியும் இல்லாமல் கட்டிலைவிட்டு இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்றார்.

"நீதான்டா."